ராஜாஜி ஏன் பள்ளிக்கூடத்தை அரை நாளாக்கினார்? சேர்வராயன் மலையடிவாரத்தில் தொடங்கிய கதை

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்தால், ஏரிக்கும் காபித் தோட்டங்களுக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுபவை பள்ளிக்கூடங்கள்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பெரிய மைதானம், விடுதி, தேவாலயம் என்று ஊருக்குள் இன்னொரு ஊர் மாதிரி நிற்கும் வளாகங்கள். மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கிய ஆண்டு 1917. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் அதைவிடப் பழசு. வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் குளிர்ந்த இடத்தில் தங்கிப் படிக்க வைக்க உருவானவை அவை.

அதே 1917இல் மலைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் சேலத்தில், நகராட்சி சேர்மன் நாற்காலியில் 38 வயது வக்கீல் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. அவர் சேர்மனாகி 36 ஆண்டுகள் கழித்து, சென்னை மாகாணத்தின் கிராமப் பிள்ளைகளுக்குத் தினமும் 3 மணி நேரப் பள்ளி போதும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு அரசியலைப் புரட்டிப்போட்ட திட்டம் அது. 'குலக்கல்வி' என்ற பெயர் இன்றைக்கும் டிவி விவாதங்களில் வந்து விழுகிறது.

படிக்காதவர் கொண்டுவந்த திட்டமாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. பள்ளி, கல்லூரி, பாடநூல், கலைச்சொல் எல்லாவற்றிலும் கைவைத்த ஒருவர் இதைச் செய்தார் என்பதுதான் விஷயம். அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்?

தொரப்பள்ளி டு சேலம்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூர் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளி. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம், அப்போது சேலம் மாவட்டம். அப்பா வெங்கடார்யா கிராம முன்சீப். பெரிய பணக்காரக் குடும்பம் கிடையாது. ஆனால் பிள்ளையின் படிப்புக்காக எந்த ஊருக்கும் அனுப்பத் தயாராக இருந்த குடும்பம்.

தொரப்பள்ளியில் தொடங்கி ஓசூர் அரசுப் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், சென்னை பிரசிடென்சி காலேஜில் சட்டம் என்று படிப்பு நீண்டது. கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு கட்டத்திலும் ஊர் மாற வேண்டியிருந்தது. சொந்த ஊரிலேயே உட்கார்ந்து அப்பாவின் வேலையைக் கற்றிருந்தால், அவரும் ஒரு கிராம முன்சீப்பாக முடிந்திருப்பார். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாடி தேவைப்படும்.

1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் பெயர் எடுத்தார், நன்றாகச் சம்பாதித்தார். அலமேலு மங்கம்மாளுடன் கல்யாணம், ஐந்து பிள்ளைகள். மனைவி இளம் வயதிலேயே இறந்துவிட, ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிப் பெண் லட்சுமிதான் பிற்பாடு காந்தியின் மகன் தேவதாஸைக் கல்யாணம் செய்துகொண்டவர்.

1911இல் சேலம் நகராட்சி உறுப்பினர். 1917 முதல் 1919 வரை சேர்மன்.

நகராட்சிக்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய வாசகருக்கு நகராட்சி என்றால் குடிநீர், குப்பை, தெருவிளக்கு. அந்தக் காலத்தில் ஆரம்பப் பள்ளிகளும் அதன் தலையில்தான். கிராமங்களில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று உள்ளாட்சி அமைப்புகள் நடத்தின. இவை போக மிஷனரிகளும் தனியாரும் அரசு மானியம் வாங்கி நடத்திய பள்ளிகள் ஏராளம். 1866இல் உருவான சேலம் நகராட்சி, பள்ளிகளோடு நிற்காமல் ஒரு கல்லூரியையே நடத்திக்கொண்டிருந்தது. சேலம் முனிசிபல் காலேஜ் என்று அதற்குப் பெயர். இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரியின் முன்கதை அது.

1920இல் வந்த சென்னை தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்விக்கென்று தனி வரி போடலாம் என்று வழி செய்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் கல்வி வரி என்று இன்றைக்கும் ஒரு வரி இருக்கும். நூறு ஆண்டுப் பழக்கம்.

சேர்மன் ராஜாஜி பற்றிச் சேலத்தில் அதிகம் சொல்லப்படும் சம்பவம் பள்ளியைப் பற்றியது இல்லை, தண்ணீரைப் பற்றியது. அக்ரகாரத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு ஒரு தலித் ஊழியர் போனார். அக்ரகாரம் கொதித்தது. ஆளை மாற்றச் சொன்னார்கள். சேர்மன் மாற்றவில்லை. ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஒருவர் 1910களில் இப்படி நின்றது சின்ன விஷயம் இல்லை. அவரை வெறும் சாதி வெறியராக வரைந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் இடிக்கும். அவரைக் குறையே சொல்லக் கூடாது என்பவர்களுக்கு 1953 இடிக்கும்.

இதே சமயத்தில் சென்னையில் என்ன நடந்தது என்று ஒரு எட்டு பார்த்துவிடலாம். மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார். பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய கணக்கு. சோறு போட்டதும் வருகை கூடியது. நகராட்சிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளை ஏன் நிற்பதில்லை என்ற கேள்வி அப்போதே இருந்தது, அதற்கு ஒரு பதிலும் அப்போதே இருந்தது.

ஆக்சிஜனுக்குத் தமிழில் என்ன?

சேலம் நாட்களில் ராஜாஜி செய்த, அதிகம் பேசப்படாத வேலை ஒன்று உண்டு. 1916இல் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் சொற்களுக்குத் தமிழில் பெயர் வைப்பதுதான் அதன் வேலை. இதற்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பாரதியாரே இந்த முயற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் என்றால் இங்கிலீஷ்தான். தமிழில் சொல்லித்தர முடியாது, சொல்லே கிடையாது என்பதுதான் படித்தவர்களின் பொதுவான எண்ணம். கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடிப் பணம் சம்பாதித்த ஒரு வக்கீல், மாலை நேரத்தில் உட்கார்ந்து தனிமங்களுக்குத் தமிழ்ப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது நல்ல காட்சி. இந்த ஆர்வம் கடைசி வரை விடவில்லை. பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்ற பெயரில் வேதியியலையும், 'தாவரங்களின் இல்லறம்' என்ற பெயரில் தாவரவியலையும் சாதாரண வாசகனுக்கு எழுதினார்.

திண்ணை என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வெளியே, வீட்டு வாசலில், பேச்சுவாக்கில் கற்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு ஆழமாக இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. படித்தவர்கள் நிறைந்த வீட்டுத் திண்ணை அப்படித்தான் இருக்கும். எல்லா வீட்டுத் திண்ணையும் அப்படியா, எல்லா வீட்டுக்கும் திண்ணை இருந்ததா என்பது வேற கேள்வி.

ஆசிரமமும் குருகுலமும்

1919இல் ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டு சென்னை வந்த காந்தி அவர் வீட்டில்தான் தங்கினார். அதற்குப் பிறகு வக்கீல் தொழில் போயிற்று. ஒத்துழையாமை, வேலூர் சிறை, காங்கிரஸ் வேலை.

1925இல் மறுபடியும் சேலம் மாவட்டத்துக்குத் திரும்பினார். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில், உள்ளூர் ஜமீன்தார் கொடுத்த நிலத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, மதுவிலக்குப் பிரச்சாரம், தீண்டாமை ஒழிப்பு. ஆசிரமத்தில் தலித்துகளும் சேர்ந்து இருந்ததால் சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பு வந்தது. மதுவிலக்குக்காக அங்கிருந்து வந்த 'விமோசனம்' பத்திரிகையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் கல்கி.

ஆசிரம வாழ்க்கையில் ராஜாஜி கண்ணுக்கு முன்னால் பார்த்தது, நெசவும் நூற்பும் கைகளால் கற்கப்படுவதை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை பத்து வயதிலேயே வேலையின் பாதியைத் தெரிந்துவைத்திருக்கும். இது அவர் மனதில் என்னவாகப் பதிந்தது என்பதற்கு 1953இல் விடை கிடைக்கும்.

கிட்டத்தட்ட அதே சமயம் தெற்கே சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரம் வெடித்தது. காங்கிரஸ் பணம் வாங்கிய தேசியப் பள்ளியில் சாதிப் பந்தியா என்று கேட்டவர்களில் முக்கியமானவர்கள் பெரியாரும், சேலம் மாவட்டத்துக்காரரான டாக்டர் வரதராஜுலு நாயுடுவும். வரதராஜுலு நாயுடு மீது 1918இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. அவ்வளவு நெருக்கம். ஆனால் குருகுல விவகாரத்தில் இருவரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. சமரசம் பேசலாம் என்பது ராஜாஜி வழி. பேச இதில் என்ன இருக்கிறது என்பது மற்றவர்கள் கேள்வி. அதே 1925 முடிவதற்குள் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஒரு பள்ளியின் சாப்பாட்டுப் பந்தி, தமிழ்நாட்டு அரசியலை இரண்டாகப் பிரித்ததில் முக்கியப் பங்கு வகித்தது. பள்ளி என்றால் இங்கே பாடம் மட்டும் இல்லை என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

1937: முதல் சோதனை சேலத்தில்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்தது. முதல் மாவட்டம் எது தெரியுமா? சேலம். ஏற்காடு மலையும் சேர்த்துத்தான்.

இதில் கல்விக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. சாராய வரி அன்றைய அரசின் பெரிய வருமானம். கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார் ராஜாஜி. பிற்காலத்தில் அந்த வரி மாநில வருமானத்தின் முதுகெலும்பானது வேறு கதை. ஆனால் பணப் பற்றாக்குறையும் பள்ளிக்கூடமும் எப்போதும் கைகோத்தே வந்தன. அரசு எதையாவது வெட்ட நினைத்தால், குரல் இல்லாத இடத்தில்தான் முதலில் கத்தி விழும்.

அடுத்தது இந்தி. 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடம் என்று அரசாணை. தமிழில் வேதியியல் சொல்லித்தரச் சங்கம் வைத்த அதே மனிதர். மறியல், ஊர்வலம், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. 1939இல் நடராசன், தாளமுத்து இருவரும் சிறைக் காவலில் இருந்தபோது இறந்தார்கள். போர் விவகாரத்தில் காங்கிரஸ் அரசுகள் 1939 அக்டோபரில் ராஜினாமா செய்தன. சில மாதங்களில் கவர்னர் எர்ஸ்கின் கட்டாய இந்தியை ரத்து செய்தார்.

பள்ளி விஷயத்தில் ராஜாஜி முடிவெடுக்கும் முறை இதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தனக்குச் சரி என்று பட்டால், முதலில் உத்தரவு, பிறகுதான் விளக்கம். 1953இலும் அதுவேதான்.

அரை நாள் பள்ளி என்றால் என்ன?

இடையில் ராஜாஜி மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று எல்லா உச்சியும் பார்த்துவிட்டார். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375இல் 152 இடம்தான். ஆட்சி அமைக்கவே ஆள் தேவைப்பட்ட நிலையில், 73 வயதில் அவரைக் கூப்பிட்டார்கள். தேர்தலில் நிற்காமல், ஆளுநர் நியமனத்தில் மேலவை உறுப்பினராகி 1952 ஏப்ரலில் முதலமைச்சரானார். உணவு ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார், மக்களிடம் நல்ல பெயர் வாங்கினார்.

அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசுகள் முயல வேண்டும் என்றது. பள்ளிக்கு வராத பிள்ளைகள் லட்சக்கணக்கில். வந்தவர்களிலும் பெரும்பகுதி ஐந்தாம் வகுப்புக்கு முன்பே நின்றுவிடும். கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, பணம் இல்லை. மதுவிலக்கு மாகாணம் முழுக்க அமலில் இருந்ததால் அந்த வருமானமும் இல்லை.

ராஜாஜி போட்ட கணக்கு இதுதான். ஒரு பள்ளி 5 மணி நேரம் நடக்கிறது. அதை 3 மணி நேரமாக்கி, காலை ஒரு செட், மதியம் ஒரு செட் என்று நடத்தினால் அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். வாத்தியாருக்கு மட்டும் 5 மணி நேரம் 6 ஆகும். செலவு பெரிதாக ஏறாது.

இதோடு நிறுத்தியிருந்தால் அது ஷிஃப்ட் முறை. பிடிக்குதோ இல்லையோ, இடநெருக்கடி உள்ள பல நாடுகளில் நடக்கிற ஒன்றுதான். ஆனால் அவர் இன்னொன்றையும் சேர்த்தார். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துக் கற்க வேண்டும். அப்பாவுக்குத் தொழில் இல்லையென்றால் ஊரில் உள்ள வேறு கைவினைஞரிடம் போகலாம். பெண் பிள்ளைகள் அம்மாவோடு வீட்டு வேலை. 1953-54 கல்வியாண்டில் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் இது தொடங்கியது. சட்டமன்றத்தில் முன்கூட்டியே விவாதிக்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களிடமே சரியாகக் கலந்து பேசவில்லை.

அதிகாரப்பூர்வப் பெயர் திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். எந்தப் பெயர் நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

இது காந்தி சொன்னதுதானே?

ராஜாஜி ஆதரவாளர்கள் அன்றும் இன்றும் சொல்வது இது. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாக வைத்ததுதானே? பாதிதான் சரி. ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள் நடக்கும். ஆசிரியர் சொல்லித்தருவார். எல்லாப் பிள்ளையும் ஒரே ராட்டையில் நூற்கும், தச்சர் பிள்ளையும் வக்கீல் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில். ராஜாஜி திட்டத்தில் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே போகிறது, பெரும்பாலும் அப்பாவிடம் போகிறது. இந்தியக் கிராமத்தில் அப்பாவின் தொழில் என்பது சாதி. துணி வெளுப்பவர் பிள்ளை ஆற்றங்கரைக்கு, முடி திருத்துபவர் பிள்ளை கிண்ணத்தோடு தெருவுக்கு, பண்ணை ஆள் பிள்ளை மாட்டுத் தொழுவத்துக்கு.

ராஜாஜி மனதில் இருந்தது, கைவேலையைக் கேவலமாகப் பார்க்கும் படித்த வர்க்கத்தின் மீதான கோபம் என்று எடுத்துக்கொண்டால்கூட, அந்த வர்க்கத்தின் பிள்ளைகள் இந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை. நகரத்துப் பள்ளிகளில் வழக்கம்போல முழு நாள். கைவேலையின் பெருமை கிராமத்துக்கு மட்டும்.

இங்கே ஏற்காட்டை மறுபடி நினைத்துக்கொள்ளலாம். மலை மேல் விடுதிப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குக் காலை மணி அடித்ததில் இருந்து இரவு விளக்கு அணைக்கும் வரை பள்ளிதான். படிப்பு, விளையாட்டு, பியானோ, பிரார்த்தனை. அப்பாவின் காபித் தோட்டத்தில் பாதி நாள் வேலை கற்றுவா என்று யாரும் அனுப்பவில்லை. அந்த நேரமெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் ஒரு பிள்ளை டாக்டராகவும் கலெக்டராகவும் ஆகிறது. மலையடிவாரக் கிராமத்தில் இருக்கும் பிள்ளைக்கு, அதற்கும் முன்பே குறைவாக இருந்த நேரத்தில் இன்னும் 2 மணி நேரம் போனது. எழுத்துத் தெரியாத வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் இருக்கும் நேரம்தான் ஒரே சொத்து. திண்ணையில் ரசாயனம் கற்றுத்தர அங்கே ஆள் கிடையாது.

கவிழ்ந்தது எப்படி?

1953 ஜூலை தமிழ்நாட்டில் சூடான மாதம். திமுக மும்முனைப் போராட்டம் அறிவித்தது. அதில் ஒரு முனை கல்வித் திட்டம், இன்னொரு முனை கல்லக்குடி பெயர்ப் பலகை. ராஜாஜி வீட்டுக்கு முன் மறியல் செய்யப் போனார் ஈ.வெ.கி. சம்பத். திராவிடர் கழகம் தனியாகப் போராடியது.

சட்டமன்றத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் மயிரிழையில் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்ற தீர்மானம் மயிரிழையில் ஜெயித்தது. அரசு பருலேகர் தலைமையில் குழு போட்டது. அந்தக் குழு நவம்பரில் கொடுத்த அறிக்கையில், திட்டம் அடிப்படையில் நல்லதுதான் என்றது! நிபுணர்கள் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். கல்வியாளர்கள் மணிக்கணக்கைப் பார்த்தார்கள், பெற்றோர் பரம்பரைக் கணக்கைப் பார்த்தார்கள்.

நடுவில் அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரா தனி மாநிலமானது. சட்டமன்றத்தில் ஆட்கள் குறைந்தார்கள், கணக்கு மாறியது. காங்கிரஸுக்குள் இருந்த எதிர்ப்பு வெளியே வந்தது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் பழைய சேலத்து நண்பர் வரதராஜுலு நாயுடு. திட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கட்சிக்காரர்களே கெஞ்சிப் பார்த்தார்கள். ராஜாஜி அசையவில்லை. 1954 மார்ச் கடைசியில் உடல்நிலையைக் காரணமாகச் சொல்லி விலகுவதாக அறிவித்தார். ஏப்ரல் 13, காமராஜர் முதலமைச்சர். மே 18, திட்டம் ரத்து. ரத்தை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். சட்டமன்றத்தில் திட்டத்துக்காக வாதாடியவரும் அவரேதான். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

இந்தக் காலத்தில் சுமார் 6,000 கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன என்பது திராவிட இயக்கத்தார் இன்று வரை சொல்லும் குற்றச்சாட்டு. ராஜாஜி ஆதரவாளர்கள் அதை மறுக்கிறார்கள். எண்ணிக்கை பற்றிய அந்தச் சண்டை எப்படி இருந்தாலும், நேரத்தைப் பாதியாக்கியதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

மதியம் 12 மணி

அடுத்து வந்த காமராஜர் ஆறாம் வகுப்போடு நின்றவர். அப்பா இறந்து, கடையில் வேலைக்குப் போனவர். பள்ளி நேரம் போய்ச் சேர்ந்த இடத்தை அவர் உடம்பால் அனுபவித்தவர். கல்வித் துறை இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலுவை வைத்துக்கொண்டு, பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்து ஆரம்பப் பள்ளி திறக்கும் வேலை தொடங்கியது. தியாகராயர் சென்னையில் செய்து பார்த்த மதிய உணவு 1956இல் மாநிலம் தழுவிய திட்டமானது. ஊர் மக்களிடம் அரிசியும் பருப்பும் வாங்கியே பல இடங்களில் தொடங்கினார்கள்.

இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்தால், இரண்டுமே ஒரு நாளின் ஒரே புள்ளியைத் தொடுவது தெரியும். மதியம் 12 மணி. ராஜாஜி திட்டத்தில் அந்த மணிக்குப் பிள்ளை பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும். காமராஜர் திட்டத்தில் அதே மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும், சாப்பிட்டுவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகும். பணம் இல்லை என்ற நிலைமை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் பள்ளியைப் பிள்ளையின் வறுமைக்கு ஏற்றபடி சுருக்கினார். இன்னொருவர் அந்த வறுமையில் ஒரு வேளையைப் பள்ளிக்குள் வைத்தே தீர்த்தார்.

மிச்ச வாழ்க்கை

பதவி போன அதே 1954இல் ராஜாஜிக்குப் பாரத ரத்னா. ராமாயணத்தைத் தமிழில் சொன்ன 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு 1958இல் சாகித்ய அகாடமி விருது. 1959இல் காங்கிரஸை எதிர்த்து சுதந்திராக் கட்சி. 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1960களில் இந்தி ஆட்சிமொழி ஆவதைக் கடுமையாக எதிர்த்தார். 1967 தேர்தலில், தன் வீட்டு வாசலில் மறியல் செய்த திமுகவோடு கூட்டணி வைத்தார். காங்கிரஸ் தோற்று, அண்ணா முதலமைச்சரானார். காமராஜர் விருதுநகரில் தோற்றார்.

குலக்கல்வியைப் பற்றி மட்டும் அவர் மனம் மாறியதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. தப்பான நேரத்தில் வந்த சரியான திட்டம் என்பதாகவே அவர் நிலை இருந்தது.

1972 டிசம்பர் 25ஆம் தேதி, 94 வயதில் சென்னையில் இறந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். இறுதிச் சடங்கு நடந்த இடத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒரு முதியவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தத் திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் ஒட்டவைத்து, ஊர் ஊராகப் போய் அதை வீழ்த்திய பெரியார். 93 வயது. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.